இரவுக்கு 650 ரூபாய், கூடவே மூட்டைப்பூச்சி: மீதிப் பணம் கிடைக்குமா?

கேள்வி: இன்டர்வியூ ஒன்றுக்காகச் சென்னைக்குப் போனேன். முன்பதிவுச் செயலி ஒன்றில் பார்த்து, ஒரு டார்மிட்டரி ஹாஸ்டலில் மூன்று இரவுக்குப் படுக்கை பதிவு செய்தேன். இரவுக்கு 650 வீதம் 1,950 ரூபாயை முன்பே கட்டிவிட்டேன். படத்தில் 24 மணி நேர ஏசி, வெந்நீர், பூட்டுள்ள லாக்கர் எல்லாம் இருந்தன. நேரில் போனால் ஏசி இரவு 11 மணிக்கு மேல்தான், 12 பேருக்கு ஒரே கழிப்பறை, லாக்கரில் கொண்டியே இல்லை. மூட்டைப்பூச்சியால் விடிய விடியத் தூக்கமில்லை. காலையில் பையை ரிசப்ஷனில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பையில் பவர் பேங்க் இல்லை. சுவரில் "பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற போர்டைக் காட்டினார்கள். உடனே காலி செய்து, எழும்பூரில் ஒரு லாட்ஜில் இரண்டு நாளுக்கு 2,800 ரூபாய் கொடுத்துத் தங்கினேன். மீதி இரண்டு நாள் பணத்தைக் கேட்டால், 'நான்-ரீஃபண்டபிள்' என்கிறார்கள். கோபத்தில் இணைய ரிவ்யூவில் "திருட்டுப் பசங்க" என்று எழுதிவிட்டேன். அதை எடுக்காவிட்டால் மானநஷ்ட வழக்குப் போடுவார்களாம். என்ன செய்யலாம்?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: பணத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த ரிவ்யூ.

மூட்டைப்பூச்சி இருந்தது, ஏசி இரவு 11 மணி வரை ஓடவில்லை, லாக்கருக்குப் பூட்டில்லை என்று நீங்கள் பட்டதை எழுதியதற்காக யாரும் உங்களைச் சிறைக்கு அனுப்பிவிட முடியாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு பற்றிய 356-வது பிரிவிலேயே, பொது நன்மைக்காகச் சொல்லப்படும் உண்மைக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் "திருட்டுப் பசங்க" என்பது வேறு. பவர் பேங்கை எடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் இன்றே நீக்கிவிடுங்கள். மற்றது அப்படியே இருக்கட்டும். முழு ரிவ்யூவையும் எடுத்தால்தான் பணம் தருவோம் என்று பேரம் பேசினால், அந்த வாட்ஸப் செய்தியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்குத்தான் உதவும்.

இனி பணம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதற்கான விளக்கத்திலேயே உணவும் தங்குமிடமும் பெயர் சொல்லி வருகின்றன. ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்றாலும் ஒரே ஒரு மேல்பெர்த் என்றாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். "650 ரூபாய்க்கு வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்" என்று அவர்கள் கேட்கலாம். நீங்கள் எதிர்பார்த்தது அவர்களே விளம்பரத்தில் போட்டதைத்தான். அதைக் கொடுக்காதது சேவைக் குறைபாடு.

'நான்-ரீஃபண்டபிள்' என்ற சொல்லைப் பார்த்துப் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். மனம் மாறி நீங்களாகப் பயணத்தை ரத்து செய்திருந்தால் அந்த நிபந்தனை உங்களைக் கட்டும். இங்கே நடந்தது அதுவல்ல. 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளில் 6-வது விதி, விளம்பரத்தில் சொன்ன தன்மையில் சேவை இல்லாவிட்டால் விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்கிறது. செயலிக்காரர்கள் "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்பார்கள். படங்களும் விவரங்களும் உண்மையானவை என்று விற்பனையாளரிடம் உறுதிமொழி வாங்குவது அவர்கள் கடமை. குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்தும் வைக்க வேண்டும். ஆகவே புகாரில் ஹாஸ்டலை முதல் எதிர்தரப்பாகவும் செயலியை இரண்டாவதாகவும் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'இது நியாயமற்ற ஒப்பந்தம்' என்று வாதத்தைக் கட்டாதீர்கள். அந்த வகைப் புகார் மாவட்ட ஆணையத்துக்கு வராது, மாநில ஆணையத்துக்குப் போய்விடும். 1,300 ரூபாய்க்காக மாநில ஆணையம் வரை அலைய நேரும். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நிறுத்துங்கள்.

பவர் பேங்க் விஷயத்தில் நீங்கள் தெரியாமலே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள். டோக்கன் வாங்கினீர்களே, அதுதான். பை கட்டிலுக்கடியில் கிடந்து பொருள் போயிருந்தால் வாதம் பலவீனம். டோக்கன் கொடுத்து வாங்கி வைத்தால் அது ஒப்படைப்பு. டெல்லியில் ஒரு பெரிய ஹோட்டலில் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் 1998-ல் திருடு போனது. அந்த வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: 'உரிமையாளரின் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்துவிட்டு, ஹோட்டல் தன் அலட்சியத்திலிருந்து நழுவ முடியாது. அந்தச் சுவர் போர்டுக்கும் இதே பதிலைச் சொல்லலாம். ஆனால் பவர் பேங்க் பைக்குள் இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். வாங்கிய பில்லும், அன்றே புகார் சொன்னதற்கான தடயமும் இருக்கிறதா?

உங்கள் கடிதத்தில் எனக்கு இடறுவது இதுதான். அன்று இரவு ஹாஸ்டலுக்கு எழுத்தில் ஏதாவது சொன்னீர்களா? ஒரு வாட்ஸப் போதும். வாயால் மட்டும் சொல்லியிருந்தால், எப்போது, யாரிடம் என்று இப்போதே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். மூட்டைப்பூச்சி, லாக்கர் படங்களைப் போனிலிருந்து அழிக்காதீர்கள், எடுத்த நேரம் அதில்தான் இருக்கிறது. செயலியில் அந்த விளம்பரப் பக்கம் மாறுவதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ஏசி பற்றிய வரி அதில் தெரிய வேண்டும்.

அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். இந்தத் தொகை அளவிலான தகராறுகளில் பாதி அங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். முடியாவிட்டால் 15 நாள் கெடு வைத்து இருவருக்கும் நோட்டீஸ். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் வழக்கு. அதற்காக நீங்கள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் 34-வது பிரிவு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க வழி செய்கிறது. விருதுநகர் மாவட்ட ஆணையம் இருப்பது உங்களுக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை (என் தொழிலுக்கு நான் செய்யும் துரோகம் இது!). இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். காரணம் சொல்லி மனுப் போட்டால் காணொலி விசாரணைக்கும் இடமுண்டு. எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அதைக் காலண்டரில் குறித்து வைத்துக் காத்திராதீர்கள், கூடுதலாகவே ஆகும்.

எவ்வளவு கேட்கலாம்? மீதி இரண்டு இரவுக்கான 1,300. வேறு வழியின்றி லாட்ஜுக்குக் கூடுதலாகக் கொடுத்த 1,500. பில் இருந்தால் பவர் பேங்க் விலை. முதல் இரவு நீங்கள் அங்கே படுத்துவிட்டதால் அந்த 650-ல் முழுதும் கிடைப்பது சந்தேகம், ஒரு பகுதி கேளுங்கள். மன உளைச்சலுக்கு 10,000, செலவுக்கு 5,000 என்று வைத்தால் நியாயமாக இருக்கும். இந்த மாதிரி வழக்கில் ஐந்து லட்சம் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தொகையைப் பார்த்ததுமே ஆணையத்துக்கு நம்பிக்கை போய்விடும்.

தங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. விளம்பரப் பக்கத்துக்கு அந்த அவகாசம் கிடையாது, ஸ்க்ரீன்ஷாட்டை இன்று இரவே எடுத்துவிடுங்கள்.