அப்பா அம்மா ஓரளவு சம்பாதித்துவிட்டால், தாத்தா பாட்டியின் நிலைமை பேரப்பிள்ளைகளைப் பாதிக்குமா?

நன்றாகவே பாதிக்கும். என் வகுப்புத் தோழனையும் என்னையும் வைத்தே சொல்கிறேன்.

இரண்டு பேரின் அப்பாக்களும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அரசு வேலைக்கு வந்தவர்கள். சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் என் தாத்தா அறுப்புக் கூலி. அவன் தாத்தா பி.ஏ., பி.டி. படித்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். என் அப்பாவின் சம்பளத்தில் பாட்டிக்கு மருந்து, அத்தைகளுக்குச் சீர், ஊர்வீட்டுக் கூரை, அதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி என்று எல்லாம் போய், மிச்சம்தான் எங்களுக்கு. அவன் வீட்டில் தாத்தாவின் பென்ஷனே தனியாக வந்தது, வீடும் சொந்தம்.

பொறியியல் முடித்ததும் நான் கேம்பஸில் கிடைத்த முதல் வேலையில் சேர்ந்துவிட்டேன். அவன் வீட்டிலிருந்தே யு.பி.எஸ்.சி.க்குப் படித்தான். முதல் தடவை, முதல் கட்டத் தேர்வான பிரிலிம்ஸில் தோற்றபோது, "சரி விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் தாத்தா. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல ஆசை இருந்திருக்கும், வசதி இல்லை.

பிரிட்டனில் 1946, 1958, 1970-இல் பிறந்தவர்களின் தரவுகளை வைத்து சான், போலிவர் என்ற இருவர் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெற்றோர், தாத்தா பாட்டி இரு தலைமுறையும் மேல்தட்டு வேலையில் இருந்த ஆண்களில் சுமார் 80 சதவீதம் பேர் அதே தட்டில் இருந்தார்கள். பெற்றோர் மேலே வந்தும் தாத்தா உடலுழைப்புத் தொழிலாளியாக இருந்திருந்தால், அது 61 ஆகக் குறைந்தது. பெற்றோரின் படிப்பு, வருமானம், சொத்து எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. அதனால் பணம் மட்டும் காரணமில்லை. எந்தத் தேர்வு, யாரைக் கேட்பது, எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்று தெரிந்த ஒரு பெரியவர் வீட்டில் இருப்பதும் சேர்த்திதான் என்று நினைக்கிறேன். அதே சமயம் 61 என்பதும் பாதிக்கு மேல். தாத்தா கூலி என்பதற்காக யாரும் மனம் தளர வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2010-11 முதல் இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகையும் தாத்தா பாட்டி வரை பார்க்கிறது. அப்பா வழி, அம்மா வழி, இரண்டு பக்கத் தாத்தா பாட்டியும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. எனக்குச் சான்றிதழ் கிடைத்தது, அவனுக்குத் தலைமையாசிரியர் தாத்தாவால் கிடைக்கவில்லை. "எங்கப்பா டிகிரியே படிக்கலையேடா" என்று இன்னமும் புலம்புவான். எனக்கென்னவோ அந்த விதி நியாயமாகத்தான் படுகிறது.