இரை, வலை, அறுபது விநாடி: விண்வெளிக் கொள்ளையருக்குக் கேள்வி–பதில்

ஈவ் ஆன்லைன் என்னும் இணைய விண்வெளி விளையாட்டில் கொள்ளையராக வாழ்வது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் பொதுவானவை இங்கே. பதில் சொல்பவர்கள் இந்தத் தொழிலை நெடுநாள் பார்த்தவர்கள்.

கேள்வி: அடுத்தவர் கப்பலை அடித்துப் பிடுங்கினால் என் கணக்கை முடக்கிவிடுவார்களா?

மாட்டார்கள். 2003 மே மாதம் தொடங்கிய நாளிலிருந்தே கொள்ளையும் ஏமாற்றும் பழிவாங்கலும் இந்த விளையாட்டுக்குள் அடக்கம். முடக்குவது வேறு காரணங்களுக்கு: விளையாட்டுக் காசை நிஜப் பணத்துக்கு விற்பது, தானாக விளையாடும் ‘போட்’ (bot) மென்பொருளை ஓடவிடுவது, ஒரே விசையழுத்தத்தைப் பல கணக்குகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது (2015 முதல் தடை), எதிராளியை நிஜ வாழ்க்கையில் மிரட்டுவது. புதியவர்கள் பிறக்கும் தொடக்க மண்டலங்களில் அவர்களைத் தொந்தரவு செய்யவும் கூடாது. கப்பலை அடியுங்கள், ஆளை அடிக்காதீர்கள்.

கேள்வி: முதல் கப்பல் எது? அதில் என்னென்ன பொருத்துவது?

ரிஃப்டர் என்னும் சிறிய போர்க்கப்பல் (ஃபிரிகேட் வகை) போதும். விலை குறைவு, இழந்தால் வலிக்காது. கருவிகள் பொருத்தும் நடு வரிசையில் மூன்று இடம் இருக்கிறது. ஒன்றில் எஞ்சின், ஒன்றில் வார்ப் ஸ்கிராம்ப்ளர் (சுருக்கமாக ஸ்கிராம்; வார்ப் என்னும் அதிவேகப் பாய்ச்சலில் எதிரி தப்பாமல் தடுப்பது), ஒன்றில் வெப் (எதிரியின் வேகத்தைக் குறைப்பது). கொள்ளைக்கு இந்த மூன்றும்தான் கை, கால், கயிறு.

எஞ்சின் விஷயத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மைக்ரோவார்ப்டிரைவ் வேகமானது. ஆனால் எதிரியின் ஸ்கிராம் பட்ட நொடியில் அது அணைந்துபோகும். அதோடு அது ஓடும்போது உங்கள் கப்பலின் சிக்னேச்சர் (எதிரியின் கருவிகளுக்குக் கப்பல் தெரியும் அளவு) பெருத்து, எதிரியின் குண்டுகள் எளிதாகப் பதியும். ஆஃப்டர்பர்னர் மெதுவானது, ஆனால் ஸ்கிராம் அதை அணைக்காது. இருவரும் ஸ்கிராமில் மாட்டியிருக்கும் கைகலப்பில் ஆஃப்டர்பர்னர் போட்டவர் ஓடிக்கொண்டிருப்பார், மைக்ரோவார்ப்டிரைவ் போட்டவர் தவழ்வார். நேருக்கு நேர் மோதும் ரிஃப்டருக்கு ஆஃப்டர்பர்னர், துரத்திப் பிடிக்கும் கப்பலுக்கு மைக்ரோவார்ப்டிரைவ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்-2 (மேம்பட்ட தரம்) ஸ்கிராம் எட்டும் தூரம் 9 கி.மீ., வார்ப்பைத் தடுக்கும் இன்னொரு கருவியான டெக்-2 டிஸ்ரப்டருக்கு 24 கி.மீ. ஓவர்ஹீட் செய்தால் (சூடேற்றி வரம்புக்கு மேல் இயக்கினால்) இரண்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடும், ஸ்கிராம் 10.8 வரை போகும். டெக்-2 வெப் எதிரியின் வேகத்தில் 60 சதவீதத்தைக் குறைக்கும்.

துப்பாக்கிக்கு 200 மி.மீ. ஆட்டோகேனன். தோட்டா மூன்று வகை எடுத்துச் செல்லுங்கள். ஷீல்டை (வெளிக் கவசப் புலம்) உடைக்க ஈ.எம்.பி., ஆர்மரை (அதற்கு உள்ளே உள்ள கவசம்) உடைக்க ஃப்யூஷன், இடைப்பட்டதற்கு ஃபேஸ்டு பிளாஸ்மா. தோட்டா மாற்ற 10 விநாடி பிடிக்கும், ஆகவே எதிரி யாரென்று தெரிந்ததும், மோதுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். ஆர்மரைச் சரிசெய்யும் ஆன்சிலரி ஆர்மர் ரிப்பேரரில் இடும் நானைட் பேஸ்ட் 8 சுற்றுக்கு வரும், தீர்ந்தால் நிரப்ப 60 விநாடி ஆகும். அந்த அறுபது விநாடியில்தான் பெரும்பாலான ரிஃப்டர்கள் வெடிக்கின்றன. அடி வாங்கியதும் பதறி முதல் சுற்றைப் போட்டுவிடாதீர்கள், ஆர்மர் பாதியாகட்டும்.

ஒரே பொருத்தத்தில் பத்துக் கப்பல் வாங்கி வையுங்கள். ஒன்றே ஒன்று வைத்திருப்பவரின் கை சண்டையில் நடுங்கும்.

கேள்வி: லோகலில் (மண்டலத்தில் இருப்பவர்களின் பெயர் காட்டும் உரையாடல் பட்டியல்) மூன்று நான்கு பேர் இருப்பது தெரிகிறது. எங்கே இருக்கிறார்கள் என்று தேடி முடிப்பதற்குள் ஓடிவிடுகிறார்கள். என்ன தவறு?

கொள்ளையின் உயிர்நாடி இதுதான். சுடுவது கடைசி இருபது விநாடி. மீதியெல்லாம் தேடல்.

நீங்கள் ஸ்டார்கேட் (ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வாயில்) வழியாக வந்த நொடியிலேயே லோகலில் உங்கள் பெயர் விழுந்துவிடும். உங்கள் கப்பல் 60 விநாடி மறைந்திருக்கும், பெயர் மறையாது. உஷாரான சுரங்கக்காரர் அந்தப் பெயரைப் பார்த்ததும் கிளம்பிவிடுவார். கேட்டிலேயே நின்று நிதானமாக ஸ்கேன் செய்தால் அந்த நிமிடம் முழுவதும் அவருக்கு நீங்கள் கொடுத்த நேரம். வந்த உடனே மண்டலத்தின் நடுவில் இருக்கும் ஏதாவதொரு கோளுக்கு வார்ப் போடுங்கள். சுற்றிலும் இருப்பவற்றைப் பட்டியலிடும் டி-ஸ்கேன் வார்ப்பிலும் வேலை செய்யும்.

டி-ஸ்கேன் எட்டும் தூரம் அதிகபட்சம் 14.3 ஏ.யூ. (ஓர் ஏ.யூ. என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம்). முதலில் 360 டிகிரி, முழு தூரம். வரும் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கப்பலோடு சுரங்க டிரோன்கள் தெரிந்தால் அவர் பாறைத் திட்டில் (சுரங்கம் தோண்டும் விண்பாறைக் கூட்டம்) இருக்கிறார். கப்பலும் புதிது புதிதாகச் சிதிலங்களும் தெரிந்தால் அங்கே யாரோ என்.பி.சி.க்களை (கணினி இயக்கும் எதிரிகளை) வேட்டையாடுகிறார். கப்பல் மட்டும் தனியாகத் தெரிந்து, பக்கத்தில் கட்டுமானமும் தெரிந்தால் ஆளில்லாமல் நிறுத்திய கப்பலாகவோ, கட்டுமானத்தின் காவலுக்குள் நிற்பதாகவோ இருக்கலாம். அங்கே போய் நேரத்தைக் கரைக்காதீர்கள். க்ளோக் (கப்பலை மறைக்கும் கருவி) போட்டவர் பட்டியலில் வரவே மாட்டார்.

பிறகு கோணத்தைச் சுருக்க வேண்டும். ஓவர்வியூவில் (சுற்றியுள்ள பொருட்களின் திரைப் பட்டியல்) பாறைத் திட்டுகளும் கோள்களும் மட்டும் காட்டும் தனித் தாவல் ஒன்று அமைத்துக்கொள்ளுங்கள். கேமராவை ஒரு திட்டின் பக்கம் திருப்பி 30 டிகிரியில் ஒருமுறை பாருங்கள். அந்தக் கப்பல் வந்தால் 5 டிகிரியில் மறுபடி. ஒரே திசையில் இரண்டு திட்டுகள் இருந்தால் தூரத்தைக் குறைத்துப் பாருங்கள்: எந்தத் தூரத்தில் கப்பல் பட்டியலிலிருந்து மறைகிறதோ, அதற்குச் சற்று அப்பால்தான் அவர் இருக்கிறார்.

திட்டில் 0 கி.மீ.க்கு வார்ப் போட்டாலும் அவர் மடியில் போய் விழ மாட்டீர்கள். பாறைகள் வளைந்து நீண்டிருக்கும். இரை 30, 40 கி.மீ. தள்ளி இருப்பது சாதாரணம். வேட்டைக்குப் போகும் கப்பலில் ஸ்கிராமோடு டிஸ்ரப்டரும் வேண்டும் என்பது இதனால்தான். வார்ப்பில் இருக்கும்போது லாக் செய்ய (இலக்கைக் குறிவைத்துப் பூட்ட) முடியாது. இறங்கியதும் வரிசை இது: நெருங்கும் கட்டளை, எஞ்சின், லாக், பாயிண்ட் (ஸ்கிராம் அல்லது டிஸ்ரப்டர்), வெப், அதன் பிறகே துப்பாக்கி. பதற்றத்தில் முதலில் துப்பாக்கியைத் தட்டுபவர்கள், இரை வார்ப்பில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கையில் கிடைப்பது சஸ்பெக்ட் (சந்தேகக் குற்றவாளி) முத்திரை மட்டும்.

ஒரு கப்பல் திசை திரும்பித் தன் உச்ச வேகத்தின் 75 சதவீதத்தை எட்டியதும் வார்ப்புக்குள் நுழையும். கனமான சுரங்கக் கப்பலுக்கு அதற்கு நேரமாகும். சிறிய ஃபிரிகேட்டுக்குச் சில விநாடி போதும். வென்ச்சர் என்னும் சிறிய சுரங்கக் கப்பலுக்குப் பிறவியிலேயே வார்ப் பலம் 2 உண்டு. ஸ்கிராமின் பலம் 2, டிஸ்ரப்டரின் பலம் 1. ஒரு ஸ்கிராம் மட்டும் போட்டால் வென்ச்சர் நழுவிவிடும். மொத்தம் 3 சேர்ந்தால்தான் நிற்கும். “ஸ்கிராம் போட்டும் போய்விட்டது” என்று எழுதிய வாசகர்களுக்கு விடை இதுவே.

கேள்வி: லோ-செக்கில் (பாதுகாப்பு குறைந்த மண்டலம்) கேட் அருகே ஒருவரைப் பிடித்தேன். அவர் சுடவே இல்லை, நான் வெடித்துப்போனேன். ஏன்?

உங்களைச் சுட்டது கேட்டின் காவல் துப்பாக்கிகள். பாதுகாப்பு அளவு 0.1 முதல் 0.4 வரையுள்ள லோ-செக் மண்டலங்களில் கான்கார்டு என்னும் காவல்படை வராது. ஆனால் கேட்டுகளிலும் நிலையங்களிலும் துப்பாக்கி உண்டு. அவற்றின் கண் முன்னால் காரணமின்றி முதலில் தாக்குபவரை அவை சுடும், ஃபிரிகேட் தாங்காது. சுட்ட பிறகு 60 விநாடி ஆயுத டைமர் ஓடும். அது முடியும் வரை கேட்டில் தாவவும் முடியாது, நிலையத்தில் நுழையவும் முடியாது. எதிரி ஏற்கெனவே சஸ்பெக்டாக இருந்தாலோ, அவருடைய பாதுகாப்பு மதிப்பு (குற்றம் செய்யச் செய்யக் குறையும் எண்) -5.0க்குக் கீழே இருந்தாலோ துப்பாக்கிகள் உங்களைக் கண்டுகொள்ளாது. மற்றபடி, சிறிய கப்பலில் இருக்கும்வரை திட்டுகளிலும் கோள்களிலும் சண்டை போடுங்கள்.

இன்னொன்று: குற்றச் செயல்களைத் தடுக்கும் சேஃப்டி பொத்தானை லோ-செக்கில் மஞ்சளில் வையுங்கள். கப்பலைத் தாக்க மஞ்சள் போதும். பாட் (pod) என்பது கப்பல் வெடித்ததும் அதன் ஓட்டுநர் தப்பும் சிறு கலம்; அந்தப் பாடைச் சுட்டால் கிரிமினல் ஆவீர்கள், அதற்குச் சிவப்பு வேண்டும். மஞ்சளில் இருந்தால் கை தவறிக்கூடப் பாடைச் சுட முடியாது. சஸ்பெக்ட், கிரிமினல் இரண்டு முத்திரையும் 15 நிமிடம் இருக்கும்.

கேள்வி: பாதுகாப்பு மதிப்பு எவ்வளவு இறங்கலாம்? ஹை-செக்கை (0.5 முதல் 1.0 வரையுள்ள பாதுகாப்பான மண்டலங்களை) விட்டு ஒரேயடியாக விலக வேண்டியதுதானா?

படிப்படியாகக் கதவு மூடும். -2.0க்குக் கீழே போனால் 1.0 மண்டலங்களில் அரசுக் காவல் துரத்தும். அதன்பின் ஒவ்வொரு 0.5க்கும் ஒரு படி: -2.5க்கு 0.9, -3.0க்கு 0.8 என்று போய், -4.5க்குக் கீழே 0.5 மண்டலமும் மூடிவிடும். -5.0க்குக் கீழே உங்களை எந்த விளையாட்டாளரும் எங்கும் தண்டனையின்றிச் சுடலாம். வெறும் பாடில் போனால் காவல் தொடாது, மனிதர்கள் தொடுவார்கள்.

முழுநேரக் கொள்ளையர் அந்த மதிப்பைத் தூக்கி நிறுத்த மெனக்கெடுவதில்லை. ஒரு கணக்கில் மூன்று கதாபாத்திரம் வைக்கலாம். நல்ல பெயருள்ள இரண்டாமவர் ஜிட்டா என்னும் சந்தை மண்டலத்தில் சாமான் வாங்கி, லோ-செக் நிலையத்தில் இறக்கிவிட்டுப் போவார். விற்பதும் அவர் வழியாகத்தான். மனம் மாறினால் டேக் என்னும் பொருளைக் கொடுத்து மதிப்பை உயர்த்தலாம், செலவு பிடிக்கும்.

கேள்வி: பிடித்தவரிடம் பணம் கேட்பது எப்படி? வாங்கிய பிறகு விட்டுவிட வேண்டுமா?

துப்பாக்கியை நிறுத்துங்கள், பாயிண்டை விடாதீர்கள். தனி உரையாடலில் ஒரே வரியில் தொகையும் நேரமும் சொல்லுங்கள். தொகை அவருடைய கப்பலும் சரக்கும் சேர்ந்த மதிப்பைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அவர் நினைப்பார். ஒரு நிமிடத்துக்கு மேல் அவகாசம் வேண்டாம், அந்த நேரத்தில் அவர் நண்பர்களையும் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். பேசிக்கொண்டே டி-ஸ்கேனைத் தட்டிக்கொண்டிருங்கள், லோகலில் தலை கூடுகிறதா என்று பாருங்கள். பணம் உங்கள் வாலெட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே பாயிண்டை எடுங்கள்.

விட வேண்டுமா என்றால், விடத்தான் வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு வெடிக்க வைப்பதை விளையாட்டு தடுக்காது. ஆனால் இங்கே, தனி சர்வர் உள்ள சீனாவைத் தவிர, எல்லோரும் ஒரே உலகத்தில் வாழ்கிறார்கள். சொல் தவறியவர் என்ற பெயர் இரண்டு வாரத்தில் அந்த வட்டாரம் முழுக்கப் பரவும், பிறகு எவரும் ஒரு காசு தர மாட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் கொள்ளையரிடம் அதே ஆள் இரண்டாம் முறையும் பணம் கொடுப்பார்.

பாடைப் பிடித்துப் பணம் கேட்பது லோ-செக்கில் அரிது. வார்ப்பைத் தடுக்கும் குமிழிகள் அங்கே இல்லை. கப்பல் வெடித்த நொடியில் பாட் பறந்துவிடும்.

கேள்வி: கொள்ளையில் உண்மையிலேயே வருமானம் உண்டா?

ஃபிரிகேட்டுகளை அடித்தால் தோட்டாச் செலவு வரும், அவ்வளவுதான். வெடித்த கப்பலில் ஒவ்வொரு பொருளும் மிஞ்சுவதற்கு ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. பணம் இருப்பது ரெலிக் (பழம்பொருள்) தளங்களை ஹேக் செய்து திரும்பும் ஆய்வுக் கப்பல்களில். சரக்கு சிறியது, உங்கள் குட்டிச் சரக்கறையிலும் அடங்கும், மதிப்போ அதிகம். ஹெரான், புரோப் என்ற கப்பல் பெயர்கள் டி-ஸ்கேனில், ஸ்கேனர் புரோபுகளோடு (தேடும் சிறு கருவிகள்) தெரிந்தால் கவனியுங்கள். சிதிலத்தை சால்வேஜ் செய்வது (உடைந்த பாகங்களை மீட்பது) யாருக்கும் குற்றமல்ல, அடுத்தவர் சிதிலத்திலிருந்து சரக்கை எடுப்பதுதான் குற்றம்.

கேள்வி: கப்பல் காப்பீடு பயன்படுமா?

டெக்-1 கப்பலுக்குப் பயன்படும். ஹை-செக்கில் கான்கார்டு உங்களை வெடிக்க வைத்தால் மட்டும் ஒரு காசும் வராது.

கேள்வி: தனியாக நிற்கும் பெரிய கப்பல். அடிக்கலாமா, தூண்டிலா?

பாறைத் திட்டின் நடுவில் பேட்டில்குரூசர் (பெரிய போர்க்கப்பல்) ஒன்று எதையும் சுடாமல், சுற்றிலும் சிதிலம் எதுவும் இல்லாமல் நின்றால் தூண்டில் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை வலது கிளிக் செய்து விவரம் பாருங்கள். பல வருடக் கதாபாத்திரம், சண்டைக்காரக் கார்ப்பரேஷன்களாகவே (விளையாட்டாளர் குழுக்கள்) மாறி வந்த வரலாறு என்றால் அவர் ஏமாளி அல்ல. பக்கத்து மண்டலத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். கூட்டம் அங்கேதான் காத்திருக்கும்.

கேள்வி: சண்டைக்கு நடுவே இணையம் அறுந்தால் கப்பல் மறைந்துவிடுமா?

மறையாது. மற்றவரைத் தாக்கியிருந்தால் 15 நிமிட டைமர் ஓடும், அதுவரை கப்பல் விண்வெளியிலேயே கிடக்கும். எவரும் புரோப் போட்டுத் தேடி வந்து உடைக்கலாம். டைமர் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். ஆகவே சண்டை முடிந்ததும் நீங்களே குறித்து வைத்த சேஃப் ஸ்பாட்டுக்கு (பாதுகாப்பான இடத்துக்கு) நேரே போங்கள். இரண்டு கோள்களுக்கு நடுவே வார்ப்பில் போகும்போது கன்ட்ரோல்–பி தட்டினால் அந்த இடம் புக்மார்க் ஆகும். அப்படி ஒவ்வொரு மண்டலத்திலும் குறைந்தது மூன்று வையுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருங்கள், பதினைந்து நிமிடமும் முடிந்த பிறகே வெளியேறுங்கள்.