மாட்டு உண்ணி மருந்து பூனைக்கு ஆகாது

கேள்வி: பொய்கைச் சந்தையில் பிடித்துவந்த பசுவுக்காக வாங்கிய டெல்டாமெத்ரின் உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து நாய்க்குத் தடவினோம். தெள்ளுப்பூச்சி இருந்ததால் மீதியைப் பூனைக்கும் தடவினோம். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பூனைக்கு அன்றிரவே நடுக்கமும் வலிப்பும் வந்து, சிகிச்சைக்குப் பின் பிழைத்தது. இது ஏன்? மீண்டும் நேர்ந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, அணைக்கட்டு

பதில்: டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் ஆகியவை பைரெத்ராய்டு வகையைச் சேர்ந்தவை, நரம்பணுக்களின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் தடுத்து, நரம்புகளை ஓயாமல் துடிக்கச் செய்தே இவை பூச்சிகளைக் கொல்கின்றன. நாயின் கல்லீரல் இந்த நஞ்சைச் சிதைத்து ஓரளவு விரைவாக வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலிலோ அதற்குத் தேவையான நொதிச் செயல்பாடு மிகக் குறைவு என்பதால், நஞ்சு உடலிலேயே தங்கிவிடுகிறது. உடலை நக்கிச் சுத்தம் செய்யும் வழக்கத்தால் தோலில் பட்டது வயிற்றுக்குள்ளும் போய்விடுகிறது. அதற்காக மாட்டு மருந்தைக் கைக்கணக்கில் கலந்து நாய்க்குத் தடவுவது சரி என்று ஆகாது. அளவு மிஞ்சினால் நாய்க்கும் வலிப்பு வரும்.

காது துடிப்பதும், தொட்டாலே தோல் சிலிர்ப்பதும், எச்சில் வடிவதும் முதல் அறிகுறிகள். இவை பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெரியும். சில பூனைகளுக்கு ஓரிரு நாள் கழித்தும் தெரியலாம்.

பூனை நினைவோடு இருந்து, வலிப்பு இல்லாதிருந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது போட்டு வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டித் துவட்டுங்கள். கத்திரி வெயில் காலத்தில் நம் வேலூர்ப் பக்கம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் பிற்பகலில் கொதிக்கக் கொதிக்க வரும். சூடான நீர் தோலின் இரத்த ஓட்டத்தைக் கூட்டி நஞ்சை உள்ளே இழுத்துவிடும் என்பதால், அதை ஆறவைத்தே ஊற்ற வேண்டும். குளிர்ந்த நீரும் நடுக்கத்தை அதிகமாக்கும். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், பாலோ எண்ணெயோ புகட்டாதீர்கள். வலிப்பு வந்துவிட்டால் குளிப்பாட்டுவதில் நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மருந்துப் புட்டியையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். பைரெத்ராய்டுக்கு முறிவு மருந்து கிடையாது. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கி, உடல் வெப்பத்தைக் கவனித்துக்கொண்டு, நஞ்சு இறங்கும்வரை காப்பாற்றுவதே சிகிச்சை. உண்ணிக்குப் பயன்படும் அமிட்ராஸாக இருந்தால் நிலைமை வேறு: விலங்கு சோர்ந்து, இதயத் துடிப்பு குறையும், அந்த விளைவை மாற்றும் ஊசி மருந்து உண்டு.

இனி பூனையின் தெள்ளுப்பூச்சிக்கு, பூனைக்கு உரியது என்று குறிக்கப்பட்ட ஃபிப்ரோனில் அல்லது செலமெக்டின் சொட்டு மருந்தை, எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுப் பிடரியில் இடுங்கள். நாய்க்குப் பெர்மெத்ரின் சொட்டு மருந்து இட்டால், குறைந்தது 3 நாள் பூனையை அதனோடு ஒட்டிப் படுக்க விடாதீர்கள். தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் பெரும்பாலும் படுக்கும் இடத்தில்தான் இருக்கும். ஆகவே இரண்டும் படுக்கும் சாக்கை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள்.