உடையநங்கை பெற்ற பிள்ளையை என்ன சொல்லி வாழ்த்துவது?

வைகாசி விசாகம் நெருங்குகிறது. குமரி மாவட்டத்தில் இருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பல உடையநங்கையின் மகனான நம்மாழ்வாரின் அவதார நாளைப் பற்றியே இருந்ததால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: போன வருஷம் வைகாசி விசாகத்தன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘நம்மாழ்வாருக்கு மனமார்ந்த பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று போட்டேன். உடனே என் மாமனார், ‘ஆழ்வாரை வாழ்த்த நமக்கு வயசு உண்டா? வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன் என்றுதான் போட வேண்டும்’ என்று எழுதினார். எல்லார் முன்னாலும் ஆனதால் அழித்துவிட்டேன். இந்த வருஷம் என்ன எழுதுவது? – வாசகி, பூதப்பாண்டி

பதில்: நீங்கள் அழித்திருக்க வேண்டாம் அம்மா. ‘வாழ்த்த வயதில்லை’ என்பது பிறந்தநாள் பேனர்களில் பார்த்துப் பார்த்து நம் நாக்கில் ஒட்டிக்கொண்ட வரி, ஆழ்வார் விஷயத்தில் அது செல்லாது. வைணவத்தில் சிறியவர் பெரியவரை வாழ்த்துவதுதான் வழக்கமே. மதுரையில் கருடன் மேல் காட்சி கொடுத்த பெருமாளைப் பார்த்ததும் பெரியாழ்வார் அதைக் கொடு இதைக் கொடு என்று எதுவும் கேட்கவில்லை, இவ்வளவு அழகுக்குக் கண் பட்டுவிடுமே என்று பதறிப்போய் ‘பல்லாண்டு பல்லாண்டு பல்லாயிரத்தாண்டு’ என்று அந்தப் பெருமாளையே வாழ்த்தினார். உலகத்தைக் காக்கிறவனுக்கே ‘திருக்காப்பு’ சொன்னார். பிள்ளையை வெளியே கூட்டிப் போய்விட்டு வந்த அம்மை வாசலிலேயே நிறுத்தித் திருஷ்டி கழிக்கிறாளே, அந்த மனசுதான் அது. பாசம் வந்த இடத்தில் வயசுக் கணக்கு நினைவுக்கே வராது.

சரி, வயசு என்றே பார்த்தாலும் மதுரகவியாழ்வார் நம்மாழ்வாரைவிட மூத்தவர். வடக்கே யாத்திரை போன இடத்தில் தெற்குத் திசையில் ஒரு ஒளியைப் பார்த்து, அதைப் பிடித்துக்கொண்டே திருக்குருகூர் (இன்றைய ஆழ்வார்திருநகரி) வரைக்கும் வந்து, புளியமரத்தடியில் 16 வருஷமாகப் பேசாமல் இருந்த பிள்ளையிடம் சீடராகச் சேர்ந்தார் என்று ஆழ்வார்கள் வரலாறு சொல்லும் குருபரம்பரை நூல் சொல்கிறது. அவர் பாடியது மொத்தம் 11 பாசுரங்கள்தான், அவ்வளவும் ஆழ்வாரைப் பற்றியே. ‘தென்குருகூர் நம்பி என்றக்கால் அண்ணிக்கும் அமுதூறும் என் நாவுக்கே’ என்கிறார். பேரைச் சொன்னாலே நாக்கு இனிக்கிறது என்று ஒரு கிழவர் ஒரு இளைஞனைப் பார்த்துச் சொன்ன இந்த வார்த்தையைவிட நெருக்கமான வாழ்த்து எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்றும் உண்டு. பெருமாள் கோயில்களில் சேவை முடிகிறபோது ஒவ்வொரு ஆழ்வாருக்கும் வாழித் திருநாமம், அதாவது ‘வாழியே’ என்று முடியும் வாழ்த்துப் பாட்டு, சொல்வார்கள். நம்மாழ்வாருக்கு உள்ளது ‘ஆன திருவிருத்தம் நூறும் அருளினான் வாழியே, ஆசிரியம் ஏழு பாட்டு அளித்த பிரான் வாழியே’ என்று தொடங்கும். அப்புறம் பெரிய திருவந்தாதி 87, திருவாய்மொழி 1102 என்று அவர் தந்ததை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிவிட்டு, ‘வைகாசி விசாகத்தில் வந்துதித்தான் வாழியே’ என்று வரும். எவ்வளவு நல்ல முறை பாருங்கள், நீ எங்களுக்கு இதையெல்லாம் தந்தாய், அதனால் நீ வாழ்க என்று கணக்குச் சொல்லி வாழ்த்துவது! இந்த வருஷம் அந்த ஒரு வரியையே குழுவில் போடுங்கள். கீழே ‘ஆழ்வார் திருவடிகளே சரணம்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள், மாமனார் கேட்ட வணக்கமும் அதிலேயே வந்துவிடும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஃப்ளெக்ஸ் வைக்கப் போகிறோம். நம்மாழ்வாருக்கு இது எத்தனையாவது பிறந்தநாள் என்று போடுவது? – பிளஸ் டூ மாணவர், தக்கலை

பதில்: நம்பர் போட வேண்டாம் தம்பி. கலியுகம் பிறந்த 43-ம் நாள் அவர் அவதரித்தார் என்பது சம்பிரதாயக் கணக்கு, அதன்படி போனால் ஐயாயிரம் வருஷத்தைத் தாண்டும். ஆய்வாளர்களில் பலர் 8, 9-ம் நூற்றாண்டு பக்கமாக வைக்கிறார்கள். எந்த நம்பரைப் போட்டாலும் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று யாராவது ஒருவர் சண்டை பிடிப்பார். ‘பிறந்தநாள்’ என்பதற்குப் பதிலாக ‘திருநட்சத்திரம்’ என்று போடுங்கள், பெரியவர்கள் சொல்கிற வார்த்தை அதுதான். ஆழ்வார்களுக்கு இங்கிலீஷ் தேதி கிடையாது, மாதமும் நட்சத்திரமும்தான், அதனால்தான் ஒரு வருஷம் மே மாதத்திலும் இன்னொரு வருஷம் ஜூனிலும் வருகிறது. கீழே இடம் இருந்தால் வைணவ ஆசாரியர் மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் பாடிய ‘உண்டோ வைகாசி விசாகத்துக்கு ஒப்பொருநாள்’ என்ற அடியைப் பெரிதாகப் போடுங்கள்.

கேள்வி: வைகாசி விசாகம் என்றால் எங்களுக்கு முருகன், இல்லாவிட்டால் கன்னியாகுமரி பகவதியம்மன் தேர். நம்மாழ்வார் திருநெல்வேலிப் பக்கத்து ஆழ்வார்திருநகரிக்காரர்தானே, நம் ஜில்லாவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? – வாசகர், வடசேரி

பதில்: வடசேரியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! நீங்கள் கும்பிடும் இரண்டும் சரிதான், முருகனுக்கும் விசாகம், கன்னியாகுமரியில் பகவதியம்மன் கோயில் 10 நாள் திருவிழாவும் விசாகத்தை ஒட்டித்தான். ஆனால் உங்கள் வீட்டில் இருந்து பைக்கை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்கிற திருப்பதிசாரம்தான் நம்மாழ்வாருடைய அம்மை பிறந்த ஊர். பழைய பேர் திருவண்பரிசாரம். அந்த ஊர்த் திருவாழ்மார்பர் மகள் உடையநங்கை, அவரைக் கட்டிக்கொண்டவர் திருக்குருகூர்க் காரியார். பிள்ளை இல்லாமல் இருந்து திருக்குறுங்குடி நம்பியிடம் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைதான் மாறன், சடகோபன், நம்மாழ்வார் எல்லாம். பிறந்தபோது அழவும் இல்லை பால் குடிக்கவும் இல்லை என்பார்கள். அந்த அம்மை என்ன பாடு பட்டிருப்பாள் என்று நான் நினைத்துப் பார்ப்பது உண்டு. 12-ம் நாள் பிள்ளையைக் கொண்டுபோய்க் கோயிலில் பெருமாள் முன்னால் விட்டுவிட்டார்கள், அது புளியமரத்தடியைத் தேடிப் போய் அமர்ந்துகொண்டது.

நம் மாவட்டத்தில் உள்ள இரண்டு திவ்யதேசங்களையும், அதாவது ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களையும், அவர் பாடியிருக்கிறார். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளுக்குத் திருவாய்மொழியில் 11 பாசுரங்கள், பத்தாம் பத்தில் ‘அருள் தருவான் அமைகின்றான்’ என்று தொடங்கும். 418 வருஷத்துக்கு அப்புறம் 2022 ஜூலை 6-ல் அங்கே கும்பாபிஷேகம் நடந்ததே, நம்மில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கேதான் இருந்தோம். திருப்பதிசாரத்துக்கு ஒரே ஒரு பாசுரம்தான். அந்த ஒன்றைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

விவசாயம் பார்க்கிற குடும்பமாக இருந்தால் டி.பி.எஸ். 3, டி.பி.எஸ். 5 என்று விதைநெல் வாங்கியிருப்பீர்கள். அங்கே உள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டவை அவை, அந்த மூன்று எழுத்தும் திருப்பதிசாரத்தின் சுருக்கம்தான். நெல்லாக வீட்டுக்குள் வந்த ஊரை இந்த விசாகத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கோயிலில் வீற்றிருந்த கோலம், தாயார் கமலவல்லி. போகும்போது தோவாளைச் சந்தையில் துளசி மாலையோடு மகிழம்பூவும் கிடைக்கிறதா என்று கேளுங்கள், வகுளம் என்பது மகிழம்பூதான், வகுளாபரணன் என்பது ஆழ்வாருடைய இன்னொரு பேர்.

கேள்வி: என் மகன் நம்மாழ்வார் படம் போட்டு வாழ்த்து அனுப்பினான். பார்த்தால் தாடி வைத்து, தலையில் பச்சைத் துண்டு கட்டிய பெரியவர் படம். ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். – வாசகர், இரணியல்

பதில்: அவர் இயற்கை வேளாண் விஞ்ஞானி கோ. நம்மாழ்வார். 1938 ஏப்ரல் 6-ல் பிறந்து 2013 டிசம்பரில் மறைந்தவர், மண்ணுக்காக ஊர் ஊராக நடந்தவர். மகனைத் திட்டாதீர்கள். ஆழ்வாருடைய பேரை வைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரு நல்ல மனிதரின் முகம் அன்றைக்கு நாலு பேர் போனில் வந்ததில் குறை ஒன்றும் இல்லை, ஏப்ரல் 6-க்கும் அவன் மறக்காமல் அனுப்பட்டும். விசாகத்துக்கு மட்டும், பத்மாசனத்தில் அமர்ந்து ஒரு கை உபதேச முத்திரையில் இருக்கும் ஆழ்வார் படத்தைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: திருஞானசம்பந்தருக்கும் வைகாசியில்தானே பிறந்தநாள்? அவருக்கும் இதே மாதிரி அனுப்பலாமா? – வாசகி, சுசீந்திரம்

பதில்: இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். வைகாசி மூலம் சம்பந்தருடைய குருபூஜை. நாயன்மார்களுக்கு நாம் கொண்டாடும் நட்சத்திரம் அவர்கள் சிவனடி சேர்ந்த நாள். நல்லூர்ப் பெருமணத்தில் தன் கல்யாணத்தன்றே, வந்திருந்த கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு சோதியில் கலந்தார் சம்பந்தர், அந்த நாள்தான் மூலம். அப்பருக்குச் சித்திரைச் சதயம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி, மாணிக்கவாசகருக்கு ஆனி மகம், எல்லாம் அப்படியேதான். அன்றைக்குப் போய் ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று கேக் படத்தோடு வருகிறபோது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ‘இன்று சம்பந்தர் குருபூஜை’ என்று எழுதி ஒரு தேவாரப் பாட்டைச் சேர்த்து அனுப்புங்கள், போதும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அக்கா விசாகத்தன்று எனக்கு ‘ஹேப்பி பெஸ்டிவல்’ என்று அனுப்பினார். என்ன திருநாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. என்ன பதில் போட? – வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ‘ரொம்ப சந்தோஷம் அக்கா, பாயசம் வைத்திருக்கிறேன், வாங்க’ என்று. வரும்போது என்ன திருநாள் என்று நேரில் சொல்லிக்கொள்ளலாம். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டு கேக் வராமலா இருந்தது?

கேள்வி: நான் துபாயில் 9 வருஷமாக வேலை பார்க்கிறேன். அம்மை திருப்பதிசாரத்தில் தனியாக இருக்கிறார். சின்ன வயசில் விசாகத்தன்று என்னைக் குளிப்பாட்டிக் கோயிலுக்குக் கூட்டிப் போய், ‘இன்னைக்கு நம்ம ஊர்ப் பேரனுக்குப் பொறந்தநாள்’ என்பார். இப்போது நான் அனுப்புகிற படங்களை அவர் திறந்து பார்ப்பதே இல்லை. அவருக்கு மனசு குளிரும்படி எப்படி வாழ்த்துச் சொல்வது? – வாசகர், துபாய்

பதில்: ‘நம்ம ஊர்ப் பேரன்’! இந்த ஒரு வார்த்தைக்காகவே உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். உடையநங்கை பிறந்த ஊரில் இருக்கிற ஒரு பெண்பிள்ளையால்தான் ஆழ்வாரை இப்படிச் சொல்ல முடியும்.

உங்கள் ஊருக்கு ஆழ்வார் பாடிய அந்த ஒரே பாசுரம் இதுதான், திருவாய்மொழி நூலில் எட்டாம் பத்து, மூன்றாம் பதிகம், ஏழாவது பாட்டு:

வருவார் செல்வார் வண்பரிசாரத்திருந்த என்
திருவாழ்மார்வற்கு என்திறம் சொல்லார் செய்வதென்

வண்பரிசாரத்துக்கு வருகிறவர்கள் வருகிறார்கள், போகிறவர்கள் போகிறார்கள், அங்கே இருக்கிற என் திருவாழ்மார்பனிடம் என்னைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறார்களே, நான் என்ன செய்வேன் என்கிறார். சக்கரமும் சங்கும் சுமந்துகொண்டு உம்மோடு கூடவே சுற்றித் திரிய இங்கே ஒரு அடியான் இருக்கிறான் என்று சொல்லக்கூடாதா என்று அடுத்த இரண்டு அடியில் கேட்கிறார். தன் அம்மை ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட ஏங்கிய செய்தி அது. தூர தேசத்தில் இருந்து ஊருக்குக் கிளம்புகிற ஆளைப் பிடித்து ‘எங்க வீட்டுல ஒரு எட்டுப் பாத்துட்டுச் சொல்லு’ என்று நிற்கிற உங்களுக்கு இதற்கு நான் உரை சொல்ல வேண்டியது இல்லை.

அதனால் படம் அனுப்ப வேண்டாம், கூப்பிட்டுப் பேசுங்கள். ‘அம்மை, இன்னைக்கு நம்ம ஊர்ப் பேரனுக்குப் பொறந்தநாளுல்லா’ என்று அவர் சொன்னதை அவருக்கே சொல்லிவிட்டு, இந்த இரண்டு அடியையும் நீங்களே படித்துக் காட்டுங்கள், தப்பாகப் படித்தாலும் பரவாயில்லை. அப்புறம், கோயிலுக்குப் போகும்போது எனக்காகத் திருவாழ்மார்பனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், துபாயில் ஒருத்தன் இருக்கிறான் என்று சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஆழ்வாருக்குச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை, உங்களுக்கு அம்மை இருக்கிறார்.

அங்கே நாலு மணி என்றால் இங்கே ஐந்தரை. அதற்கு மேல் தாமதித்தால் சாயங்கால நடை திறப்புக்கு அம்மை கிளம்பிவிடுவார், போன் வீட்டில்தான் அடித்துக்கொண்டு கிடக்கும். நாலு மணிக்கு முன்னாலேயே கூப்பிடுங்கள்.