ஃபாசினேட்டரா, தொப்பியா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் உடன் வேலை செய்யும் தோழிக்குச் சர்ச்சில் கல்யாணம். அடுத்த வாரமே ராயல் ஆஸ்காட் குதிரைப் பந்தயம். அங்கே ராயல் என்க்ளோஷர் என்ற தனிப் பகுதிக்கு அழைப்பு வந்திருக்கிறது. கவுன் எடுத்துவிட்டேன். தலைக்கு ஃபாசினேட்டர் (இறகு, பூ வைத்துத் தலையில் செருகும் சின்ன அலங்காரம்) வாங்கவா, தொப்பி வாங்கவா? இரண்டுக்கும் ஒன்றே போதுமா?

பதில்: ஒன்றே போதும். ஆனால் அது ஃபாசினேட்டராக இருக்க முடியாது. ராயல் என்க்ளோஷரில் 2012 முதல் அதற்கு அனுமதியில்லை. தொப்பி வேண்டும், அல்லது ஹெட்பீஸ், அதாவது குறைந்தது 10 செ.மீ. விட்டமுள்ள கெட்டியான அடித்தட்டின் மேல் அலங்காரம் வைத்தது. அதே மைதானத்தில் குயின் ஆன் என்க்ளோஷர் என்றால் ஃபாசினேட்டரே போதும். அதனால் அழைப்பில் எந்தப் பகுதி என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு இப்படி விதி கிடையாது. அகல விளிம்புத் தொப்பி அழகுதான். ஆனால் சர்ச்சில் பின்வரிசைக்காரருக்கு மணமக்கள் தெரியமாட்டார்கள். கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லும்போதும் விளிம்பு இடிக்கும். அதனால் நான் சொல்வது, 12, 13 செ.மீ. தட்டு வைத்த ஹெட்பீஸ்.

கடைக்குப் போகும்போது டேப் எடுத்துப் போங்கள். ஹெட்பீஸைத் திருப்பிப் பிடித்து அடித்தட்டை மட்டும் அளங்கள். இறகும் பூவும் எவ்வளவு விரிந்திருந்தாலும் கணக்கில் வராது. பெரும்பாலும் ‘சினமே’ (sinamay) என்ற துணியில்தான் செய்திருப்பார்கள். வாழைக் குடும்பத்து அபாகா நாரில் நெய்வது, எடையே தெரியாது. அப்புறம், எதில் நிற்கிறது என்று பாருங்கள். நம்மைப் போல வழுவழுப்பான கனத்த முடிக்குச் சின்ன கிளிப் நழுவிவிடும். ஹேர்பேண்ட் நல்லது, எலாஸ்டிக் இன்னும் நல்லது. எலாஸ்டிக்கை மோவாய்க்குக் கீழே போடக் கூடாது. காதுக்குப் பின்னால் கொண்டுபோய், பின்னங்கழுத்தில் முடிக்கு அடியில் விட வேண்டும். வெளியே தெரியாது, காற்றுக்கும் அசையாது.

பணம் விஷயம்: பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். கவுன் நிறத்துக்குச் சாயமேற்றி உங்களுக்கென்றே செய்து வாங்கியதற்கு அந்த உரிமை இல்லை. கடையில் நேரில் வாங்கியது மனசுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவர்கள் திரும்ப எடுத்தாக வேண்டும் என்று சட்டமும் இல்லை. பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் தேவைக்கு இவ்வளவு செலவா என்று தோன்றினால் வாடகைக்குத் தரும் கடைகளும் உண்டு.

வாங்கி வந்ததும், விலைச்சீட்டைக் கழற்றாமல் வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு நடமாடுங்கள். காதுக்குப் பின்னால் வலித்தால் அன்றே திருப்பிக் கொடுக்கப் பாருங்கள்.