டேஷ்போர்டில் நிர்வாகத்தின் மேசையும் தெரிய வேண்டும்

கேள்வி: கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தில் மனிதவளப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். ஏறத்தாழ 300 பேர் வேலை செய்கிறோம். அண்மையில் பொறுப்பேற்ற இளைய நிர்வாக இயக்குநர், நிர்வாகம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று சொல்லி, செயற்கை நுண்ணறிவுடன் கூடிய டேஷ்போர்டு ஒன்றை உணவுக்கூடத்தில் பெரிய திரையில் வைக்கப் போகிறார். ஷிப்ட் வாரியாக உற்பத்தி, வருகை, தரக் குறைபாடு, 'ஊழியர் மனநிலை மதிப்பெண்' ஆகியவை அதில் தெரியும். வாரந்தோறும் ஏ.ஐ. ஒரு சுருக்கமும் எழுதித் தரும். தொழிலாளர்களோ, தங்களைக் கண்காணிக்கத்தான் இது வருகிறது என்கிறார்கள். அவருடைய நோக்கம் நல்லது என்றே நான் நம்புகிறேன். இருவருக்கும் நடுவில் நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

திரையில் தெரியப்போகும் விவரங்களின் பட்டியலை உங்கள் கடிதத்தில் இரண்டு முறை படித்தேன். உற்பத்தி, வருகை, குறைபாடு, மனநிலை என்று எல்லாமே வேலை செய்கிறவர்களைப் பற்றியவை. நிர்வாக இயக்குநரைப் பற்றிய தகவல் அதில் ஒன்றுகூட இல்லை. அவருடைய நோக்கம் நல்லதாக இருக்கலாம், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தொழிலாளர்களின் அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. தலைமை வெளிப்படையாக இருக்கும் என்று அறிவித்துவிட்டு, தலைமைக்குக் கீழே இருப்பவர்களை மட்டும் திரையில் காட்டினால், அதைக் கண்காணிப்பு என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஒரு தொழிற்சாலையில் துளையிடும் இயந்திரம் ஒன்றின் பாதுகாப்பு மூடி உடைந்துபோனது. மேற்பார்வையாளர் அன்றே எழுதிக் கொடுத்தார், பராமரிப்புப் பிரிவும் மறுநாளே கொள்முதல் கோரிக்கை அனுப்பியது. மூன்று மாதங்கள் கழித்து நடந்த ஆய்வுக் கூட்டத்தில், புகாரைத் தீர்க்க எடுத்துக்கொண்ட நாட்கள் அதிகம் என்று பராமரிப்புப் பிரிவின் கட்டம் சிவப்பாக இருந்தது. அந்தப் பிரிவின் மூத்த ஃபிட்டர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளப்பட்டார். அன்று மாலை வேறு வேலையாக நிர்வாக அலுவலகத்துக்குச் சென்றபோது அந்தக் கோப்பைக் கண்ணால் பார்த்தேன். கையெழுத்துக்காகக் காத்திருக்கும் கோப்புகளின் அடியில், 'அவசரம்' என்று எழுதி ஒட்டிய மஞ்சள் சீட்டு நிறம் வெளுத்த நிலையில் அது கிடந்தது. கூட்டத்தில் காட்டிய படத்தில் கையெழுத்துக்குக் காத்திருந்த நாட்களுக்கென்று ஒரு கட்டமே இல்லை. அந்த ஃபிட்டர் தலைகுனிந்து நின்றதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

ஆகவே உங்கள் இயக்குநரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கட்டத்தைத் திரையில் சேர்க்கச் சொல்வதுதான். அவருடைய ஒப்புதலுக்காக எத்தனை கோரிக்கைகள் நிற்கின்றன, எத்தனை நாட்களாக நிற்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியட்டும். பாதுகாப்பு தொடர்பான புகார்களில் தீராதவை எத்தனை, ஊதிய உயர்வு குறித்தோ புதிய கழிப்பறை குறித்தோ நிர்வாகம் கொடுத்த வாக்கு எந்தத் தேதிக்கு உரியது, அந்தத் தேதி கடந்துவிட்டதா என்பதும் தெரியட்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிலகத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவிடம் வந்த மனுக்களின் எண்ணிக்கையையும், முடிவு செய்யப்பட்டவற்றின் எண்ணிக்கையையும் பெயர்களின்றி வெளியிடலாம். உங்களுக்கு வார்ப்பு வேலையும் கடைசல் வேலையும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளுக்கு எத்தனை நாளில் பணம் போகிறது என்பதும் தலைமையின் நடத்தையைக் காட்டும் எண்தான். குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. கோவையில் அந்த 45 நாள் கணக்கை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆனால் சரியான எண்களைத் திரையில் போட்டுவிட்டால் மட்டும் போதாது. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் உள்ள கோட் கிரானா கிராமத்தில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அத்தகைய விசாரணைகளில், பஞ்சாயத்து வேலைகளுக்கான மஸ்டர் ரோல், அதாவது கூலிக்காரர்களின் பெயரும் வேலை நாட்களும் கொண்ட பதிவேடு, ஊர் கூடியிருக்க உரக்க வாசிக்கப்பட்டது. வேலைக்கே வராதவர்களின் பெயர்களும், இறந்துபோனவர்களின் பெயர்களும்கூட அப்பதிவேடுகளில் இருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. அலுவலக அலமாரியில் இருந்தவரை அந்தப் பதிவேட்டில் பிழையே இல்லை. உண்மை தெரிந்தவர்களின் காதில் விழுந்த பிறகுதான் பிழை பிழையாகத் தெரிந்தது. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழியமைத்த முயற்சிகளில் அதுவும் ஒன்று. 2019-இல் ராஜஸ்தான் அரசு தொடங்கிய ஜன் சூசனா இணையதளத்தில், ரேஷன் முதல் வேலை உறுதித் திட்டம் வரையிலான விவரங்களை யாரும் விண்ணப்பம் போடாமலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் தகவல் பலகை, முதலமைச்சர் துறைகளின் பணியைக் கண்காணிக்க உதவுவது; நிர்வாகத்துக்கு அதுவும் தேவையான கருவிதான். ஆனால் தலைவர் கீழே பார்ப்பதற்கான பலகையும், கீழே இருப்பவர் தலைமையைப் பார்ப்பதற்கான பலகையும் வெவ்வேறு. உங்கள் இயக்குநர் முதலாவதை வாங்கிவிட்டு அதற்கு இரண்டாவதன் பெயரை வைத்திருக்கிறார் என்பதை அவருக்கு மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

எண்ணுக்கும் பாராட்டுக்கும் முடிச்சுப் போட்டால் என்ன நடக்கும் என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில், நோயாளி காத்திருக்கும் காலம் 14 நாட்களுக்குள் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, அதை அதிகாரிகளின் பணி மதிப்பீட்டோடும் ஊக்கத்தொகையோடும் இணைத்திருந்தார்கள். 2014-இல் ஃபீனிக்ஸ் மருத்துவமனையில் தணிக்கை நடந்தபோது, 226 பேர் கொண்ட ஒரு மாதிரியில், சராசரிக் காத்திருப்பு 24 நாட்கள் என்று மேலிடத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் அது 115 நாட்கள். சுமார் 1,700 பேர் அதிகாரபூர்வக் காத்திருப்புப் பட்டியலிலேயே இல்லை. அந்த ஆண்டு மே மாத இறுதியில், அம்மருத்துவமனைகளை நடத்தும் முன்னாள் படைவீரர் நலத் துறையின் செயலர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். மேலிடத்தில் இருந்தவர்கள் பார்த்த அறிக்கை நன்றாகத்தான் இருந்தது. காத்திருந்த நோயாளிகளுக்கு அதைப் பார்த்து, 'இது உண்மையில்லை' என்று சொல்ல வழி இருக்கவில்லை. எனவே உங்கள் திரையின் பக்கத்திலேயே ஒரு திருத்தப் பதிவேடு இருக்கட்டும். ஓர் எண் தவறு என்று யார் எழுதினாலும், அது சரிபார்க்கப்பட்டதா, என்ன மாற்றப்பட்டது என்பது அடுத்த வாரம் அதே திரையில் வர வேண்டும்.

இனி ஏ.ஐ. பற்றி. குறைப்பெட்டியில் விழும் நூற்றுக்கணக்கான துண்டுச் சீட்டுகளை வகைப்படுத்தவும், ஒரே பழுது மாதந்தோறும் திரும்பி வருவதைக் கண்டுபிடிக்கவும், கோரிக்கைகள் எந்த மேசையில் அதிகம் தேங்குகின்றன என்று காட்டவும் அது மிகவும் உதவும். வாரச் சுருக்கம் எழுதும் வேலையில்தான் எனக்குத் தயக்கம். தரவு முழுமையாக இருந்தாலும் பாதி விடுபட்டிருந்தாலும் அது ஒரே சரளத்தோடு எழுதும். படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியமும் எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று தொட்டால் தெரிய வேண்டும். அதைச் சரிபார்த்து வெளியிட்டவரின் பெயர் அடியில் இருக்க வேண்டும், அந்தப் பெயர் இயக்குநருடையதாகவே இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் ஆலையில் ஒடியா, இந்தி பேசுவோர் இருந்தால் மொழிபெயர்ப்பை அம்மொழி பேசும் ஒரு தொழிலாளியிடம் வாசித்துக் காட்டாமல் வெளியிடாதீர்கள்.

மனநிலை மதிப்பெண்ணை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பெயின்ட் பிரிவின் இரவு ஷிப்டில் எட்டுப் பேர் இருந்து மதிப்பெண் குறைந்தால், மனக்குறை உள்ளவர் யார் என்று மறுநாளே எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். 2020-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஊழியர்களின் மென்பொருள் பயன்பாட்டைப் பெயரோடு காட்டும் வசதியைக் கொண்டுவந்து, கடும் கண்டனம் எழுந்ததும் சில வாரங்களிலேயே பெயர்களை நீக்கியது. வருகைப் பதிவிலும் தனிநபர் பெயர் திரையில் வரக் கூடாது. ஒருவர் ஏன் விடுப்பு எடுத்தார் என்பது உணவுக்கூடத்தில் பேசப்பட வேண்டிய செய்தி அல்ல.

இவற்றையெல்லாம் கூட்டத்தில் பலர் முன்னிலையில் சொல்லாதீர்கள்; குடும்ப நிறுவனத்தில் இளையவர் ஒருவர் எடுத்த முதல் முயற்சியை மூத்தவர்கள் முன் மறுத்துப் பேசினால் அவர் பிடிவாதமாகிவிடக்கூடும். தனியே சந்தித்து, ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் திரையில் அவருடைய மேசையின் நிலுவையையும் தீராத பாதுகாப்புப் புகார்களையும் மட்டும் காட்டிப் பார்க்கலாம் என்று கேளுங்கள். உற்பத்தி, வருகை எண்கள் அடுத்த மாதம் வரட்டும், அதுவும் குறைதீர்க்கும் குழுவில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசி முடிவு செய்த பிறகு. அவர் ஒப்புக்கொண்டால், முதல் நாள் அந்தத் திரையின் முன் நின்று, 'இத்தனை கோரிக்கைகள் என்னிடம் நிற்கின்றன' என்று அவரே வாசித்துச் சொல்லட்டும். மறுத்தால், திரையை இப்போதைக்கு மாட்ட வேண்டாம் என்று உங்கள் கருத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு, மனநிலை மதிப்பெண் விஷயத்தில் மட்டும் எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.