39,300 ரூபாய் பிரேக் எஸ்டிமேட்: எட்டு வரிகளில் அளவு இருப்பது ஒன்றில் மட்டும்

கேள்வி: போடியில் வசிக்கிறேன். கேரளத்தில் சாந்தன்பாறைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் ஏலத் தோட்டம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் போடிமெட்டு வழியாகக் காரில் போய் வருகிறேன். காருக்கு ஆறு வயது; 71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாங்கியதிலிருந்து பிரேக் ஆயிலை மாற்றியதே இல்லை. இரண்டு மாதமாகப் பிரேக் போட்டால் கீச்சென்று சத்தம் வருகிறது. மிதியில் அதிர்வு எதுவும் இல்லை. இன்ஜின் ஆயில் மாற்ற இடுக்கி மாவட்டத்தில் உள்ள கம்பெனி சர்வீஸ் மையத்தில் விட்டேன். பிரேக் வேலைக்கு 39,300 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்து, “இப்படியே மலை இறங்கக் கூடாது” என்றார்கள். கிரெடிட் கார்டில் 12 மாதத் தவணை போட்டுத் தருவதாகவும் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன். என் மைத்துனர், “எல்லாம் ஏமாற்று, எதையும் மாற்றாதே” என்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருக்கும் 80,000 ரூபாய் வைப்புத் தொகையைத் தவிரக் கையில் பெரிய பணம் இல்லை. அடுத்த காய் எடுப்புக்கு நான்கு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பணத்தைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றி. முன் சக்கரங்களின் பிரேக் பேட்டையும் (டிஸ்க் என்னும் வட்டத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) பிரேக் ஆயிலையும் மாற்றும் வரை அந்தக் காரில் மலை ஏறாதீர்கள். தோட்டத்துக்குத் தொழிலாளர்கள் போகும் ஜீப்பிலோ பஸ்ஸிலோ போய் வாருங்கள். நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட் தாளில் முன் பேட்டுக்கு நேராக “2 மி.மீ.” என்று எழுதியிருக்கிறது. புதுப் பேட்டின் தடிமன் பொதுவாகப் 10 மி.மீ.க்குக் குறையாது, 3 மி.மீ. ஆனதுமே மாற்றிவிட வேண்டும். இரண்டு மாதமாக நீங்கள் கேட்கும் சத்தமும் அதைத்தான் சொல்கிறது. பல பேட்களில், தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிச் சத்தம் எழுப்புவதற்கென்றே ஒரு சிறு தகடு வைத்திருப்பார்கள். ஆகவே மைத்துனர் சொல்வது இந்த ஒரு வரியில் தவறு. ஆபத்தான தவறு.

மற்ற ஏழு வரிகளுக்கு வருவோம். டிஸ்க் இரண்டு 9,800, பின் சக்கர ஷூ (டிரம்மின் உள்ளே அழுத்தும் உராய்வுப் பாகம்) 2,900, டிரம் (பின் சக்கரத்தோடு சுழலும் உருளை) இரண்டு 7,600, காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பழுதுபார்ப்பு 5,200, பிரேக் ஆயில் 1,400, சுத்தம் செய்ய 2,300, கூலி 6,500. பேட்டின் 3,600 ரூபாயையும் சேர்த்தால் 39,300 சரியாக வருகிறது. ஆனால் பேட்டைத் தவிர வேறு எதற்கும் அளவு எழுதவில்லை. “மாற்றப் பரிந்துரை” என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் நின்று கேட்க வேண்டிய இடம் இதுதான். பிரேக்கில் தேயும் பாகம் ஒவ்வொன்றுக்கும் மில்லிமீட்டரில் ஓர் எல்லை உண்டு. டிஸ்க் எவ்வளவு மெலியலாம் என்ற குறைந்தபட்சத் தடிமனைப் பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருப்பார்கள். டிரம் எவ்வளவு அகலலாம் என்ற உச்ச விட்டமும் அப்படியே. அளந்து பார்த்தவர் அந்த எண்ணை எழுதித் தரலாம். எழுதாத எண்ணுக்கு நீங்கள் 9,800 ரூபாய் கொடுக்கத் தேவையில்லை.

மலைப் பாதையில் ஓடும் காருக்கு 71,000 கி.மீ.யில் டிஸ்க் தேய்ந்திருக்க நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அளவு எல்லைக்குக் கீழே இருந்தால் பேசாமல் மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் அல்ல, இரண்டையும். எல்லைக்கு மேலே இருந்து, முகம் சமமாக இருந்தால், மிதியில் அதிர்வும் இல்லாதபோது புதுப் பேட் மட்டும் போட்டு ஓட்டலாம். பின் ஷூவும் டிரம்மும் பொதுவாக மெதுவாகத் தேய்பவை. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுடையது. டிரம்மைக் கழற்றி, ஷூவின் உராய்வுப் படலமான லைனிங்கைக் கண்ணால் பார்க்காமல் ஷூ போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது. காலிப்பர் விஷயத்தில் மூன்று கேள்விகள் போதும்: ஆயில் கசிகிறதா, உள் பேட்டும் வெளிப் பேட்டும் சமமாகத் தேய்ந்திருக்கின்றனவா, ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறதா? கசிவு இல்லை, தேய்மானம் சமம், சூடும் சமம் என்றால் 5,200 ரூபாய் மிச்சம். பேட் மாற்றும்போது காலிப்பரைச் சுத்தம் செய்து, அது நகரும் பின் (pin) கம்பிகளுக்குக் கிரீஸ் போடுவது அந்த வேலையிலேயே சேர்ந்தது. அதற்குத் தனியாக 2,300 எதற்கு என்று கேளுங்கள். 6,500 ரூபாய் கூலியையும் மொத்தமாக ஏற்காமல், எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயிலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வாங்கியதிலிருந்து அதை மாற்றியதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பேட்டை விட அதுதான் கவலை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்பது தர அளவு. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 155 டிகிரிதான். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடலாம். ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக் குமிழ் உண்டானால் மிதி பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. மலையடிவாரத்தில் முந்தல் சோதனைச் சாவடியில் நின்றால், இறங்கி வரும் வண்டிகளில் கருகிய நெடி அடிப்பதை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். 1,400 ரூபாய்தான். இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் ஒருபோதும் வேண்டாம்.

அடுத்து, யாரிடம் செய்வது. போடியிலோ தேனியிலோ மலை ஜீப்புகளுக்கு வேலை பார்க்கும் பட்டறை ஒன்றில் நான்கு சக்கரங்களையும் கழற்றி அளக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் கேட்பார்கள், கொடுங்கள். தினமும் ஆள் ஏற்றி மலை ஏறும் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்குக்குப் பிரேக் தெரியும். வெளியில் செய்தால் வாரன்டி போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆறு வயதுக் காருக்கு அது பெரும்பாலும் முடிந்திருக்கும். பேட், ஷூ போன்ற தேய்மானப் பாகங்களை வாரன்டியோ காப்பீடோ பொதுவாக ஏற்பதில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்த உத்தரவில், வெளிப் பட்டறையில் வேலை பார்த்தால் வாரன்டியே ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும், உதிரி பாகங்கள் வெளிச் சந்தையில் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன.

பாகத்தின் தரத்தில் சமரசம் வேண்டாம். கம்பெனி முத்திரைப் பாகம், அல்லது ரானே, டி.வி.எஸ். கிர்லிங் போன்ற பெயர் பெற்ற சென்னைத் தயாரிப்பு, இரண்டில் ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் வாங்கி, பில்லோடு பொருத்தச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். தாளில் 28 என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பழைய பாகங்களைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சர்வீஸ் மையத்தில் நான் டிஸ்க் மாற்றினேன், பழையதைக் கேட்கவில்லை. அது உண்மையிலேயே தேய்ந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது பணம். பேட்டும் ஆயிலும் மட்டும் போதும் என்றால் பொருள் செலவு 5,000 ரூபாய், அதோடு கூலி. வீட்டுச் செலவிலேயே சமாளிக்கலாம். டிஸ்க்கும் சேர்ந்தால் 14,800. அளவுகள் எல்லாமே மோசமாக வந்து மொத்தத்தையும் செய்ய நேர்ந்தாலும் கார்டுத் தவணைக்குப் போகாதீர்கள். 39,300 ரூபாயை 15 சதவீத வட்டியில் 12 மாதத் தவணையாகக் கட்டினால் வட்டி சுமார் 3,270. அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. ஏறக்குறைய 590, அதற்கு மேல் நடைமுறைக் கட்டணம். ஒரு தவணை தவறினால் கார்டு வட்டி மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஓடும். வருமானம் காய் எடுப்பை நம்பியிருக்கும் உங்களுக்கு மாதத் தவணை பொருந்தாது.

மகளின் வைப்புத் தொகையை உடைக்கவும் வேண்டாம். அதன் பேரில் வங்கியில் கடன் கேளுங்கள். வைப்புக்குத் தரும் வட்டியை விட ஒன்று, இரண்டு சதவீதம் கூடுதலாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 30,000 ரூபாயை 9 சதவீதத்தில் நான்கு மாதம் வைத்திருந்தால் வட்டி 900 ரூபாய். காய் விற்றதும் முதல் வேலையாக அதை அடைத்துவிடுங்கள். கல்லூரிக் கட்டண நாள் அதற்கு முன்னால் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் கடன் தொகையை 20,000 ரூபாய்க்குள் நிறுத்துங்கள்.

அடுத்த முறை இப்படித் திகைக்காமல் இருக்க, ஒவ்வொரு மலைப் பயணத்துக்கும் 50 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு 150 பயணம் என்றால் 7,500 ரூபாய். உரம், கூலி போல இதுவும் தோட்டச் செலவுதான்.

இன்னொன்று. கேரளத்தில் பணம் கட்டிய பிறகு மாற்றாத பாகத்துக்குப் பில் போட்டிருந்தது தெரியவந்தால், அங்கே போய் வழக்காட வேண்டுமே என்று விட்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தேனி நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். எஸ்டிமேட் தாளையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

இந்த வாரமே பட்டறைக்குப் போய், டிஸ்க் தடிமன், டிரம் விட்டம், ஷூ லைனிங் மூன்றையும் எழுதி வாங்குங்கள். கம்பெனி சர்வீஸ் மையத்துக்கும் போன் செய்து அதே மூன்று அளவுகளைக் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.